இதயம் சரி, வலி மட்டும் நிற்கவில்லை: காரணம் பிடிபடாத நெஞ்சுவலிக்கு மனநல ஆதரவு தருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இசிஜி சரி, எக்கோ சரி, டிரெட்மில் சரி. சிலருக்கு ஆஞ்சியோவும் செய்து பார்த்து அதுவும் சரி. ஆனால் வலி போகவில்லை. இப்படிப்பட்டவர்களின் ஓபி சீட்டில் "கவுன்சலிங்" என்று ஒரு சொல் எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு எதிரே உட்காரப் போகும் கவுன்சலர், செவிலியர், உளவியல் மாணவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் செய்யும் காரியம் சரியாகவே இருக்கும், வரிசைதான் தப்பாகிப் போகும். மூச்சுப் பயிற்சி நல்ல கருவி. ஆனால் முதல் நாளே அதைக் கையில் எடுத்தால் இரண்டாம் நாள் அந்த நோயாளி வரமாட்டார்.

1. ஆரம்பிக்கும் முன்: இதயத்தை முழுதாகப் பார்த்தாயிற்றா?

நோயாளியை உள்ளே கூப்பிடும் முன் ஃபைலைப் புரட்டுங்கள். என்னென்ன பரிசோதனை, எந்தத் தேதியில்? கடைசிப் பரிசோதனைக்குப் பிறகு வலியின் தன்மை மாறியிருக்கிறதா?

ஒரே ஒரு இசிஜி சரியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மாரடைப்பின் தொடக்கத்தில் இசிஜி சரியாகவே இருக்கலாம். அதனால்தான் இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் டிராபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு மறுபடியும் எடுக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வழக்கமான நெஞ்சுவலி இல்லாமல் வெறும் அசதி, மூச்சு வாங்கல் என்றும் வரலாம். சந்தேகம் இருந்தால் நோயாளியை இதய மருத்துவரிடமே திருப்பி அனுப்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதய மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "இப்போதைய வலிக்கு இதயம் காரணம் இல்லை. நடக்கலாம், படி ஏறலாம், வழக்கமான வேலை செய்யலாம்." இந்த வரி இல்லாமல் கீழே ஒன்பதாவது பகுதியில் சொல்வதைத் தொடவே முடியாது.

அடுத்த தவறு, இதயம் இல்லையென்றால் மனம்தான் என்று தாவிவிடுவது. நடுவில் எவ்வளவோ இருக்கிறது. இரைப்பை அமிலம் மேலே எதுக்களிப்பது, உணவுக்குழாய் இறுகுவது, விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் வீக்கம், தசைப்பிடிப்பு, கொப்புளம் கிளம்பும் முன் வரும் அக்கி வலி, ரத்தசோகை அல்லது தைராய்டால் வரும் படபடப்பு. இன்னும் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஆஞ்சியோவில் பெரிய ரத்தக்குழாய்கள் சுத்தமாக இருந்தும் இதயத்தின் மிக நுண்ணிய குழாய்கள் சரியாக விரியாமல் வலி வரும். அது இதய நோயேதான். வேலை செய்தால் வலி, உட்கார்ந்தால் தணிவு என்று ஒவ்வொரு முறையும் ஒரே கணக்காக வந்தால், ஆஞ்சியோ சரியாக இருந்தாலும் அதைக் குறிப்பிட்டு மருத்துவருக்கு எழுதுங்கள்.

மனம்தான் காரணம் என்று நிரூபிப்பது நம் வேலை இல்லை. எந்தக் காரணத்தால் வந்த வலியாக இருந்தாலும், அதன் மேல் பயம் ஏறி உட்கார்ந்து அதைப் பெரிதாக்குகிறது. அந்தப் பயத்தோடுதான் நமக்கு வேலை.

2. இடமும் நேரமும்

முதல் சந்திப்புக்கு 45 நிமிடம் வேண்டும். மூடும் கதவு, இரண்டு நாற்காலி, வெள்ளைத்தாள், பேனா, நொடிமுள் உள்ள கடிகாரம், கோடு போட்ட ஒரு சின்ன நோட்டு. வராந்தாவில் நின்றபடி இதைச் செய்ய முடியாது.

கூட வந்தவரை முதலில் வெளியே உட்காரச் சொல்லுங்கள், கடைசிப் பத்து நிமிடத்துக்கு உள்ளே கூப்பிடுங்கள். கணவர் பக்கத்தில் இருக்கும்போது மனைவி சொல்லாத விஷயம் இருக்கும். மகன் முன்னால் அப்பா அழமாட்டார்.

3. முதலில் வலியைக் கேளுங்கள்

ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒவ்வொரு ரிப்போர்ட்டாக எடுத்து மேசையில் தேதி வாரியாக அடுக்கினார். பேசும்போதெல்லாம் வலது கை விரல்கள் இடது மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடியே இருந்தன. "எல்லா டாக்டரும் ஒண்ணும் இல்லைனு சொல்லிட்டாங்க. அப்ப எனக்கு வலிக்குறது பொய்யா மேடம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லை." ஆறுதலுக்காகத்தான் சொல்கிறோம். ஆனால் வலியோடு இருப்பவர் காதில் அது இரண்டு விதமாக விழுகிறது. "நீ நடிக்கிறாய்" என்பது ஒன்று, "எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்பது இன்னொன்று. இரண்டாவது இன்னும் மோசம், அடுத்த ஆஸ்பத்திரியைத் தேடி ஓட வைக்கும். எனவே உங்கள் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "உங்களுக்கு வலிக்குதுங்கிறதை நான் நம்புறேன். அது எப்படி வருதுனு சேர்ந்து பார்க்கலாம்."

அப்புறம் கேளுங்கள். முதல் தடவை வலி வந்த நாளைக் காலையிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார், எங்கே நின்றார், அந்த நிமிடம் மனதில் என்ன ஓடியது. வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது நெஞ்சுவலி வந்து பார்த்திருக்கிறாரா? கடைசியாக, "இது என்னவா இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?" புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் கேள்வி இதுதான்.

அந்த ஓட்டுநரின் அண்ணன் 44 வயதில் இறந்திருந்தார். "வாயுப் பிடிப்புதான்" என்று சொல்லி, சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தவர் எழவில்லை. சோடா வாங்கிக் கொடுத்தது இவர். என்னிடம் வந்தபோது இவருக்கு 43 நடந்துகொண்டிருந்தது. இது வெளியே வர முப்பது நிமிடம் ஆனது. அதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

நோயாளி பயன்படுத்தும் சொல்லையே எழுதிக்கொள்ளுங்கள். அடைக்குது, குத்துது, பாரமா இருக்கு, எரியுது, படபடங்குது. நீங்களாக அதைப் "பதற்றம்" என்று மாற்றினால், "இவங்களும் மனசுன்னு முடிவு பண்ணிட்டாங்க" என்று கதவு மூடிவிடும்.

4. அன்று வீட்டுக்கு அனுப்பும் முன்: "எப்போது ஓட வேண்டும்" தாள்

இதைக் கடைசிச் சந்திப்பில் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே கொடுக்க வேண்டும். இதயம் சரியாக இருப்பவருக்கும் பின்னொரு நாள் உண்மையான மாரடைப்பு வரலாம். நம்மிடம் வந்த காரணத்தாலேயே அவர் வீட்டில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்கக் கூடாது.

தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் "பழகிய வலி" என்று எழுதுங்கள். இவருக்கு வழக்கமாக எங்கே, எப்படி, எவ்வளவு நேரம் வருகிறது என்று அவர் சொற்களிலேயே. மறுபக்கம் "புது வலி": கை, தாடை, முதுகுக்குப் பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம், 15 நிமிடத்துக்கு மேல் தணியாத அழுத்தம், வேலை செய்யும்போது புதிதாக வரும் வலி, முதுகைக் கிழிப்பது போல் திடீரென வருவது. இதில் எது வந்தாலும் 108. வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. பழகிய வலியா புது வலியா என்று குழப்பமாக இருந்தால் அதையும் புது வலியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தாளை இதய மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இந்தத் தாள் பயத்தைக் கூட்டும் என்று தோன்றும். நான் பார்த்தவரை அது குறைக்கவே செய்கிறது. எல்லை எது என்று தெரிந்தவருக்கு ஒவ்வொரு குத்தலையும் காவல் காக்க வேண்டியதில்லை.

5. கேள்வித்தாள்கள்

பதற்றத்துக்கு ஜிஏடி-7, மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9. இரண்டும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பவை. ஜிஏடி-7இல் மொத்த மதிப்பெண் 21, பிஎச்க்யூ-9இல் 27. எதிலாவது 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். கதையைக் கேட்ட பிறகு கொடுங்கள். வந்தவுடன் நீட்டினால் பரீட்சை எழுத வந்ததுபோல் ஆகிவிடும்.

பிஎச்க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. அதில் "சில நாட்கள்" என்று குறித்திருந்தால்கூட அன்றே விரிவாகக் கேளுங்கள், தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், மனநல மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போங்கள். குடி, புகையிலை, ஒரு நாளைக்கு எத்தனை டீ என்பதையும் கேட்டுவிடுங்கள். எட்டு டீ குடிப்பவரின் படபடப்புக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும்.

6. வலி எப்படி வருகிறது என்று காட்டுவது

மொத்த வேலையில் நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். என்ன இல்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், என்ன இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டும். வாயால் சொல்வதைவிட உடம்பிலேயே காட்டுவது நல்லது.

முதலில் முஷ்டி. "கையை இறுக்கி மூடுங்க, நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க." இரண்டு நிமிடம். கை வலிக்கும், நடுங்கும், திறந்த பிறகும் மரத்திருக்கும். "இப்ப இந்தக் கையை எக்ஸ்ரே எடுத்தா என்ன தெரியும்?" அவரே சொல்வார், ஒன்றும் தெரியாது என்று. "ஆனா வலிச்சுதே?" வலித்தது. நெஞ்சைச் சுற்றியும் விலாக்களுக்கு நடுவிலும் தசைகள் இருக்கின்றன. பயத்தில் அவையும் இப்படித்தான் நாள் முழுக்க இறுகிக் கிடக்கின்றன. கை மூட்டில் தேய்மானமோ காயமோ இருப்பவரிடம் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது கவனம். கண்ணை மூடி ஒரு நிமிடம் இடது பாதத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். அதுவரை இல்லாத குறுகுறுப்பு, சூடு, செருப்பின் அழுத்தம் எல்லாம் தெரிய வரும். பாதத்தில் புதிதாக எதுவும் நடக்கவில்லை, கவனம்தான் அங்கே போனது. நெஞ்சை ஒரு நாளைக்கு நூறு முறை கவனித்தால் என்ன ஆகும் என்று அவரிடமே கேளுங்கள்.

பிறகு தாளில் வட்டம் வரையுங்கள். நெஞ்சில் ஒரு குத்தல். "இதுதானோ?" என்ற எண்ணம். உடம்பு பயந்து இதயத்துடிப்பு கூடுகிறது, மூச்சு வேகமாகிறது, தசை இறுகுகிறது. குத்தல் அதிகமாகிறது. "இதுவேதான்!" வட்டம் மறுபடி சுற்றுகிறது. அம்புக்குறிகளை நீங்கள் போடாதீர்கள், பேனாவை அவரிடம் கொடுங்கள். அவரே வரைந்த வட்டம் அவருக்கு மறக்காது.

உவமை தேவைப்பட்டால் நான் சொல்வது: வீட்டு நாய் ஒரு தடவை திருடனைப் பார்த்துவிட்டால், அப்புறம் பால்காரரைப் பார்த்தும் குரைக்கும். நாய் பொய் சொல்லவில்லை, விசுவாசமாகத்தான் குரைக்கிறது. அதற்கு ஆள் அடையாளம் பழக்க வேண்டும், அவ்வளவுதான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்ற பழமொழி நாக்கு நுனி வரை வரும். தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். அது நோயாளியைக் கோழை என்கிறது.

7. ஒரு வாரம் நோட்டு

நோட்டில் ஐந்து கட்டம்: நேரம், என்ன செய்துகொண்டிருந்தார், வலி பத்துக்கு எவ்வளவு, மனதில் ஓடியது, அப்புறம் என்ன செய்தார். எழுத வராதவர் ஒவ்வொரு வலிக்கும் காலண்டரில் ஒரு புள்ளி வைக்கட்டும், அல்லது போனில் குரலாகப் பதியட்டும்.

வலி வந்த உடனே எழுதச் சொல்லக் கூடாது, தணிந்த பிறகுதான். இல்லையென்றால் நோட்டே இன்னொரு நாடி பார்க்கும் கருவி ஆகிவிடும். ஒரு வாரம் கழித்து சேர்ந்து படியுங்கள். சாப்பிட்டுப் படுத்த பின் எரிச்சல் என்று தொடர்ந்து வந்தால் வயிற்று மருத்துவர் பார்க்கட்டும். கந்துவட்டிக்காரர் வரும் சனிக்கிழமைகளில் மட்டும் வந்தால், அதை நீங்கள் சுட்டிக்காட்டும் முன் அவர் பார்த்துவிடுவார். அதுவரை பொறுமையாக இருங்கள்.

8. இப்போது மூச்சு

"நல்லா இழுத்து மூச்சு விடுங்க" என்று சொல்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பயந்தவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது, விரல் நுனி மரக்கிறது, தலை சுற்றுகிறது, நெஞ்சு இறுகுகிறது. இன்னும் இழுத்தால் எல்லாம் கூடத்தான் செய்யும்.

சின்ன மூச்சு, மூக்கு வழியாக. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். வயிற்றுக் கை மட்டும் அசைய வேண்டும். நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஆரம்பத்தில் சிரமமாக இருந்தால் மூன்றும் நான்குமாகத் தொடங்கலாம். பெண்களிடம் பாவாடை நாடாவை, ஆண்களிடம் பெல்ட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். நாடா இறுகியிருந்தால் வயிறு எழும்பாது. "எனக்கு வரலை" என்று பயிற்சியைக் கைவிட்டவர்களில் சிலருக்கு இதுதான் காரணமாக இருந்தது.

வலி இல்லாத நேரத்தில், காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம், இரண்டு வாரம். நீச்சலைக் கரையோரத்தில் பழகுவது மாதிரிதான் இதுவும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வித்தையைச் சொல்லித் தராதீர்கள். உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ பாதித்திருந்தால் ஆக்ஸிஜன் குறைந்து ஆபத்தாகிவிடும்.

9. சோதிப்பதைக் குறைப்பது, விட்டதைத் தொடங்குவது

நாடி பிடிப்பது, விரலில் ஆக்ஸிமீட்டர், பிரஷர் மெஷின், மாதம் ஒரு இசிஜி, ராத்திரி ஒரு மணிக்கு யூடியூபில் மாரடைப்பு அறிகுறிகள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிட நிம்மதி தரும், அப்புறம் பயம் இன்னும் பசியோடு வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்காதீர்கள். ஒன்றை எடுத்து, 20 முறையை 10 ஆக, பிறகு காலை ஒன்று மாலை ஒன்று என்று குறையுங்கள். சட்டைப் பையில் நாக்கடியில் வைக்கும் மாத்திரை இருந்தால் யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள். அதை வைத்திருப்பதா விடுவதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, பயத்தால் விட்டவை. படி ஏறுவது, சைக்கிள், தனியாகத் தூங்குவது, தாம்பத்தியம். கடைசியானதைப் பற்றி யாரும் தானாகப் பேசமாட்டார்கள். தனியாக இருக்கும்போது, நேராக, கூச்சமில்லாமல் கேளுங்கள்.

எளிதிலிருந்து கடினத்துக்கு ஏணி போடுங்கள். ஓட்டுநர் மேம்பாலம் ஏறுவதையே விட்டிருந்தார், நடுவில் ஓரங்கட்ட இடமில்லை என்பதால். அவர் ஏணி: டீக்கடை வரை தனியாக நடப்பது, ஆஸ்பத்திரிப் படி ஒரு மாடி, பிறகு இரண்டு, நண்பரோடு மேம்பாலம், கடைசியில் தனியாக. முதல் படிக்கட்டில் நானும் கூட ஏறினேன். மேலே போனதும் அவர் கை மணிக்கட்டுக்குப் போனது. "எனக்கும் வேகமாத்தான் அடிக்குது" என்று என் நாடியைக் காட்டினேன். ஏறினால் யாருக்கும் துடிப்பு கூடும், வியர்க்கும். அவர் அதையெல்லாம் ஆபத்து என்று படித்து வைத்திருந்தார். டிரெட்மில் ரிப்போர்ட்டை எடுத்து, "இதுல 9 நிமிஷம் நடந்திருக்கீங்க, இந்த மாடி அதைவிடச் சின்னது" என்றதும் சிரித்தார். மருத்துவரின் அந்த ஒரு வரி கையில் இருந்ததால்தான் இதையெல்லாம் தைரியமாகச் செய்ய முடிந்தது.

பயம் தணியும் வரை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். உச்சத்தில் இறங்கி ஓடினால் "தப்பித்தேன்" என்றுதான் மனம் கற்றுக்கொள்ளும். ஆனால் நான்காவது பகுதியில் சொன்ன "புது வலி" தாளில் உள்ள அறிகுறி வந்தால், பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

10. வீட்டார்

வலி என்றதும் நெஞ்சில் தைலம் தேய்ப்பது, பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அடக்குவது, மணிக்கொருமுறை "இப்ப வலிக்குதா?" என்பது. எல்லாம் அன்புதான், ஆனால் நாள் முழுக்க வலியைப் பற்றியே பேச்சாகிவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பதிலாக வேறு எதையாவது கேட்கச் சொல்லுங்கள். கோயில், தாயத்து பற்றி வாதாடாதீர்கள். வீட்டில் அடி உதை இருக்கிறதா என்பதைப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். இருந்தால் மூச்சுப் பயிற்சி அதற்குப் பதில் ஆகாது. பெண்களுக்கான உதவி எண் 181.

11. மாத்திரையும் மேல்சிகிச்சையும்

அடிக்கடி திடீர் பீதி வந்து உயிர் போவதுபோல் இருப்பது, மனச்சோர்வு, குடி என்று இருந்தால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் வழியாக அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். இரவில் பேச ஆள் தேவைப்பட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

பதற்றத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகள் பல வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். முதல் வாரத்தில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். இதை முன்பே சொல்லவில்லை என்றால் "மாத்திரை இதயத்தைத் தாக்குது" என்று மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார். பதற்றத்தை உடனே தணிக்கும் அல்பிரசோலாம் போன்ற மாத்திரைகளை மருந்துக்கடையில் தானாக வாங்கிப் பல மாதம் போட்டவர்கள் வருவார்கள். அதைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள், மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

12. எத்தனை சந்திப்பு, என்ன வாக்கு கொடுக்கலாம்

வாரம் ஒன்றாக நான்கு முதல் ஆறு சந்திப்பு. பிறகு ஒரு மாதத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015இல் புதுப்பித்த ஆய்வுத் தொகுப்பு, எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் சிகிச்சை முதல் மூன்று மாதங்களில் இவர்களின் வலியைக் குறைக்கிறது என்கிறது. பலன் சுமாரானது முதல் நடுத்தரம் வரை என்றும் சொல்கிறது. எனவே "வலி அடியோடு போய்விடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "வலி வர்றது குறையும், வந்தாலும் உங்க வேலையை நிறுத்தாது" என்பது வரை சொல்லலாம்.

முடிக்கும்போது இதய மருத்துவருக்கு ஐந்து வரி எழுதுங்கள்: என்ன செய்தோம், வலி இப்போது எவ்வளவு, என்ன வேலைக்குத் திரும்பினார், எந்த அறிகுறி வந்தால் மறுபடி பார்க்க வேண்டும், அடுத்து எப்போது வருகிறார். இல்லையென்றால் அடுத்த முறை அவசரப் பிரிவில் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

வலி திரும்பி வரும் நாட்கள் பெரும்பாலும் முன்பே தெரிந்தவை. திதி, பெண்ணின் கல்யாணத்துக்கு முந்தைய மாதம், தெருவில் யாராவது திடீரென இறந்த வாரம். நோட்டைப் பார்த்தே இவற்றில் சிலவற்றைக் குறித்துவிடலாம். ஓட்டுநருக்கு, அண்ணன் திதிக்கு முந்தைய வாரத்தில் ஒரு சந்திப்பை நான்கு மாதம் முன்பே சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்த வாரம் வந்தார். வலி இருந்தது, பத்துக்கு மூன்று என்றார். ஆட்டோவை மேம்பாலம் வழியாகத்தான் ஓட்டி வந்திருந்தார்.